கம்பெனி வேலைன்னு சொன்னோமே

என் உசுரான செல்வி அப்பா,

நீங்க போய் ஒரு மழைக்காலம் முடிஞ்சிருச்சு. உங்க தொழிலாளர் சங்கத்துல நினைவு மலர் போடுறாங்க, ரெண்டு வரி எழுதிக் குடுங்கக்கான்னு கேட்டாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ எழுத்து இது. ரெண்டு வரியில அடங்காது.

காய்ச்சல் வந்த அன்னைக்கு நம்ம முக்கு டாக்டர்கிட்டதானே போனோம்? இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில நம்ம லைன் வீடுகளுக்கு எல்லா நோவுக்கும் அவர் ஒருத்தர்தான். நடுக்கத்துல உங்களுக்குப் பேச்சு வரலை, நான்தான் பேசினேன். "எந்தா ஜோலி?", என்ன வேலைன்னு சீட்டுல எழுதிக்கிட்டே கேட்டார். "கம்பெனியிலயாணு சாரே"ன்னேன்.

அது நீங்க சொல்லிக் குடுத்த பதில்தானே? செல்வியை ஸ்கூல்ல சேர்த்தப்போ, வாடகைக்கு வீடு கேட்டப்போ, எங்கேயும் கம்பெனி. நம்ம லைன்ல பாதிப் பேருக்கு அந்தக் கம்பெனியிலதான் வேலை. "கானாவுல இறங்கி சாக்கடை அள்ளுறவன்னு சொன்னா டாக்டர்கூட நாடியைத் தொடமாட்டான்டி"ன்னு சிரிப்பீங்க.

கம்பெனின்னுதான் சொன்னேன். அப்பவும் அவர் தொடலை.

கண்ணு செவந்து கெடந்தது. கெண்டைக்கால் வலிக்குதுன்னு என் தோளைப் பிடிச்சுத்தான் உள்ளேயே வந்தீங்க. அவர் நிமிர்ந்து பார்த்தாத்தானே? வைரல் பனி, சாதாக் காய்ச்சல்தான், மூணு நாள் கழிச்சு வான்னு மாத்திரை எழுதிட்டார். அந்த மூணு நாள்ல உங்க கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் நின்னு போச்சு.

எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. வந்ததும் இமையை இழுத்துப் பார்த்துச்சு, கெண்டைக்காலை அமுக்குச்சு, அழுக்குத் தண்ணியில நிக்கிற வேலையான்னு கேட்டுச்சு. அரை நிமிஷம்கூட ஆகலை. எலிப்பனி, எலி மூத்திரம் கலந்த தண்ணியில வர்ற காய்ச்சல்னு சொல்லிருச்சு. "இதுக்கு முன்னாடி யாரும் வேலையைக் கேக்கலையா?"ன்னு கேட்டதுக்கு நான் என்ன சொல்ல? கேட்டாங்க, நான் பொய் சொன்னேன்னா?

உங்க காரியம் முடிஞ்ச மறுவாரம் முக்கு டாக்டர் முன்னாடி போய் நின்னேன். "அவரு கானாவுல இறங்குறவரு சாரே. எலிப்பனியில போயிட்டாரு."

பேனாவைக் கீழே வெச்சார். "கம்பெனி என்னல்லே நிங்ஙள் பறஞ்ஞது சேச்சி?" கம்பெனின்னு சொன்னது நான்தானேன்னு கேட்டார்.

"நான் பொய் சொன்னேன். அவரு காலும் பொய் சொல்லுச்சா சாரே?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

பெரிய மெஷினா கேட்டோம் அவர்கிட்ட? மழை பெஞ்சா இந்த லைன்ல யார் காலு தண்ணியில நிக்குதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்க வேணாமா? பத்து வருஷமா நம்மளைப் பார்க்கிறவர். பொய் சொன்னா, அது பொய்யின்னு கண்டுபிடிக்கிறதும் டாக்டர் வேலைதானே?

உங்களை மட்டும் விட்டுருவேனா? இந்த எலிப்பனி வராம இருக்க, மழைக்கு முன்னாடி வாரா வாரம் தின்ன வேலையிடத்துல மாத்திரை குடுத்தாங்களாமே. வயித்தைப் புரட்டுதுன்னு கானாவுலயே வீசினீங்களாம், உங்க கூட்டாளி இப்பச் சொல்றார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. வீட்டுக்குள்ளேயும் கம்பெனி ஆளாவே இருந்துட்டீங்க.

உங்க வேலையை எனக்குக் குடுத்திருக்காங்க. உங்க மக பத்தாவது. "கிளாஸ்ல கேட்டா கம்பெனின்னே சொல்லிக்கிறேம்மா"ன்னா. கையை ஓங்கிட்டேன். அடிக்க மனசு வரலை, அவ முகம் உங்க முகம்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். வேற யார்கிட்டப் போக? அவளைக் கூட்டிக்கிட்டு அதே முக்கு டாக்டர்கிட்ட போனேன். அவர் கேக்குறதுக்கு முன்னாடியே, "கானா அள்ளுற வேலை சாரே"ன்னு வெளியே உக்காந்திருந்தவங்களுக்கெல்லாம் கேக்குற மாதிரி சொன்னேன். செல்வி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவர் எழுந்து வந்து கண்ணைப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு போய்க் கையைக் கழுவினார், சோப்புப் போட்டு, ரெண்டு தடவை. நல்ல டாக்டர்னா கழுவத்தான் செய்வாங்களோ, என்னமோ.

கழுவிட்டுப் போகட்டும். தொட்டாரா இல்லையா?

இனிமே யார் கேட்டாலும் இந்த வேலையைத்தான் சொல்லுவேன். செல்வியையும் சொல்ல வைப்பேன், இது சத்தியம். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். பிடிக்கலைன்னு சொல்ல நீங்க இருந்திருக்கணும்.

கானாத் தொழிலாளி பெண்டாட்டி, இப்போ கானாத் தொழிலாளி,
உங்க செல்வியோட அம்மா