பெயிண்டுக்கு மேல் முறுக்கிய எர்த்

நேற்று மருமகனின் கார் மூணாறு ஏற்றத்தில் நின்றுவிட்டது. கன்ட்ரோல் மாட்யூல் என்கிற எலக்ட்ரானிக் பெட்டி போயிருக்கும், புதுசுதான் வாங்க வேண்டும் என்று அவர் பயந்துபோனார். ஒர்க்‌ஷாப்புக்காரர் அவசரப்படவில்லை. மாட்யூலுக்குக் கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், வந்தது. கரண்ட் பாடி வழியாகத் திரும்பிப் போகும் எர்த்தைப் பார்த்தார், இல்லை. "பெட்டி நல்லாத்தான் இருக்கு, எர்த்துதான் கெடைக்கல" என்று சொல்லி, பாடியில் எர்த் வயர் முறுக்கியிருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். தேய்த்த பெயிண்டின் வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டோரம் வந்து, செத்துப்போன உன்னைத் திட்டினேன்.

எழுபதுகளில் நம் டீ எஸ்டேட்டுக்கு இருந்தது ஒரே ஜீப். ஓட்டியது நான், ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது நீ. எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசையில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உன் மகள் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம்தான் வருகிறது.

மழைக்கு முன்னால் ஜீப்புக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாய். அதற்குப் பிறகுதான், சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. வந்து சொன்னேன். டைனமோவின் கரண்டை அளந்து பேட்டரிக்கு விடும் கட்டவுட் பெட்டியைக் கழற்றி மாட்டினாய். சரியானது, சில நாளில் மறுபடி எரிந்தது. பெட்டியையே மாற்றினாய். அதுவும் அப்படித்தான். கோளாறு பெட்டியில் இல்லையோ என்று கேட்டேன். "ஓட்டுறது உன் வேல, பாக்குறது என் வேல" என்றாய்.

அந்த மழையில் ஒரு நாள் மத்தியானம் பேக்டரி ரோலரில் மாரியப்பனின் வலது கை சிக்கியது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன். நீயும் நானும்தான் தூக்கி ஜீப்பில் படுக்கவைத்தோம். அப்போதும் அந்த விளக்கு எரிந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். "போ மாப்ள, தாங்கும்" என்றாய்.

மூடுபனி. ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுத்தான் ஏற முடிந்தது. கொண்டை ஊசி வளைவில் பேட்டரி தீர்ந்து இன்ஜின் அணைந்தது. கூட ஏறி வந்த மாரியப்பனின் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கொழுந்து லாரி ஒன்று வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போவதற்குள் எல்லாம் கைமீறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நீயே என் வீட்டுக்கு வந்தாய். பெட்டியின் எர்த்தைப் பெயிண்டுக்கு மேலேயே வைத்து முறுக்கிவிட்டேன், பெயிண்ட் கரண்டை விடாது என்றாய். பெட்டியை இறுக்கும்போதெல்லாம் போல்ட் கொஞ்சம் சுரண்டித் தொட்டிருக்கிறது; வண்டி குலுங்கியதும் விட்டிருக்கிறது. "இப்ப சொரண்டிச் சரி பண்ணிட்டேன். வெளிய சொல்லிராத மாப்ள. உனக்கு உன் பொண்டாட்டி பேர்ல லயம் இருக்கு. வேல போனா எனக்கு வீடே போயிரும்" என்றாய். ஆபீசில் நீயே உண்மையைச் சொல்வாய் என்று நம்பினேன்.

ஆபீசில் மேனேஜர் தொரை விசாரித்தபோது, விளக்கு எரிந்ததை ஒவ்வொரு தடவையும் உன்னிடம் சொன்னதாகச் சொன்னேன். அவர் உன் பக்கம் திரும்பினார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கிட்ட எதுவும் சொல்லல, சார்" என்றாய்.

பெயிண்டைப் பற்றி அப்போதுதான் நான் கத்தினேன். வெளியே போய்ப் பார்த்தார்கள். நீ சுரண்டிவைத்த போல்ட் பளபளவென்று இருந்தது. என்னை வண்டியிலிருந்து இறக்கிக் களை வெட்ட அனுப்பினார்கள். மாரியப்பனின் மனைவி என்னைக் கண்டால் தெருவிலேயே காறித் துப்பினாள். நீ ரிட்டையர் ஆகும்வரை அதே ஒர்க்‌ஷாப்பில் இருந்தாய். அதன் பிறகும் மகள் பேரில் அதே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் காலையில் குழாயடியில் எனக்கு ஒதுங்கி வழிவிட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் நீ செத்தபோது வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். வந்தேன். மாரியப்பன் இடது கையால் உனக்கு வாய்க்கரிசி போட்டான். எனக்குத் தாங்கவில்லை. அவனைத் தனியே இழுத்துப்போய், அன்றைக்கு வண்டி நின்றது யாரால் என்று சொன்னேன். அவன் அதிரவில்லை.

"தெரியும்ணே. அவரே வந்து கால்ல விழுந்து சொன்னாரு. ரொம்ப வருசமாச்சு. ஒங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்கன்னேன். மொகத்தப் பாக்க முடியலன்னாரு."

ஆக, அவன் காலில் விழுந்தாய். அவன் இருக்கும் லயம்வரை நடந்துபோகத் தெரிந்தவனுக்கு ஒரு சுவரைச் சுற்றி வரத் தெரியவில்லை. கை போனவனே மன்னித்துவிட்டான், உங்களுக்கென்ன என்று என் மனைவி கேட்கிறாள். நீ வந்து கதவைத் தட்டியிருந்தால் ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். அப்புறம், சாப்பிட்டியா என்று கேட்டு உள்ளே கூப்பிட்டிருப்பேன். நீ வரவே இல்லை. அந்த ஒரு அறை இன்னும் என் கையிலேயே இருக்கிறது.