உ போட்ட தொட்டிகள்

இன்று காலை நிழல்வலைக் கூடாரத்தில் தக்காளிச் செடிகளுக்குப் பக்கக் கிளை கிள்ளினேன். முடித்துக் கை கழுவும்போது சோப்பு நுரை பச்சையும் மஞ்சளுமாக இறங்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன், உடனே நீ வந்துவிட்டாய். தக்காளி என்றால் எல்லாருக்கும் பழத்தின் வாசனைதான் தெரியும், இலையின் வாசனை தெரிந்தவர்கள் மட்டும்தான் நமக்குச் சொந்தக்காரர்கள் என்பாய். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு சொந்தம் குறைந்து இரண்டு வருஷம் ஆகிறது.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நேராகச் சொல்லாமல் சுற்றி வளைப்பேன் என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். நான் திண்டிவனம், நீ அனுமந்தை. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய மண்ணில் தக்காளி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. முதல் முறை உன் வீட்டுக்கு வந்தபோது, மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே உன் அம்மா கேட்டார்கள், ரெண்டு பேரும் அப்படி இன்னாதான் படிக்கறீங்க என்று. நான் குரோமாட்டின், மரபணு என்று தொடங்கித் திணறினேன். நீ அம்மாவின் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக் காட்டினாய்.

"நூலு ரொம்ப நீளம்மா, உள்ள இடம் கம்மி. அதனால இப்படி கொசுவம் வச்சு சொருகி வச்சிருக்குது. மடிப்புக்குள்ள இருக்கற பூ வெளிய தெரியாது. ஒருத்தி வந்து மடிப்ப கொஞ்சம் நகத்தி விட்டா தெரியும். அந்த ஒருத்தியப் பத்திதான் படிக்கிறோம்."

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஒருத்திக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்று கேட்டார்கள். நாம் இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். மடிப்பை நகர்த்தும் அந்தப் புரதம் செல்லின் சக்தியைச் செலவழித்துத்தான் வேலை செய்யும். வகுப்பில் யாரும் அவ்வளவு சரியாக ஒரு கேள்வி கேட்டதில்லை. திரும்பும் வழியெல்லாம், பட்டத்தை அம்மாவுக்கே கொடுத்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டு வந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வகைச் செடிகள் வைத்திருந்தோம். ஒன்று சாதாரணச் செடி, இன்னொன்று அந்தப் புரதம் இல்லாமல் செய்த செடி. ஒவ்வொன்றிலும் பாதித் தொட்டிக்கு உப்புத் தண்ணீர், பாதிக்கு வெறும் தண்ணீர். சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு நான்கு நாள் போக வேண்டியிருந்தது. எந்தத் தொட்டிக்கு என்ன என்று எழுதி வைத்திருக்கிறேன், பார்த்து ஊற்று என்று போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உப்புத் தொட்டிகளின் சீட்டில் மட்டும் அடியில், சால்ட் என்பதற்கு, 'எஸ்' என்று எழுதியிருந்தேன்.

திரும்பி வந்தால் எல்லாத் தொட்டியிலும் நாற்றுகளின் இலை ஓரம் சுருண்டு கருகியிருந்தது. ஒன்று பாக்கியில்லை. நான் எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். கை தானாகப் போடும். அத்தனை தொட்டிச் சீட்டிலும் மேலே பெரிதாக ஒரு உ இருந்தது. நீ அதை உப்பு என்று படித்துவிட்டாய். சிலவற்றில் கீழே இருந்த எஸ், செல்வி என்கிற என் பெயரின் முதல் எழுத்து என்று எடுத்துக்கொண்டாய். வெறும் தண்ணீர்த் தொட்டிகளை நான் வேறு எங்கோ மாற்றிவிட்டேன் என்று நினைத்தாயாம்.

"நோட்டுல போடுவீங்கன்னு தெரியும்டி. தொட்டியிலயுமா போடுவே? உங்க பிள்ளையார் உப்பு கேக்கறாருன்னு நெனச்சேன்" என்றாய். அழ வேண்டிய நேரத்தில் சிரிக்க வைத்துவிட்டாய்.

மறுநாள் சார் வந்து பார்த்தார். ஒரு பருவமே வீண் என்று கத்தினார். யார் ஊற்றியது என்று கேட்டார். நாந்தான் சார் என்றாய். எப்படி ஊற்றினாய் என்றதற்கு, கவனிக்காமல் ஊற்றிவிட்டேன் என்றாய். பக்கத்திலேயே நின்றேன். எழுதியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாரம்தான் பெங்களூரில் ஆறு மாதப் பயிற்சிக்கு நம்மில் ஒருவரை அனுப்ப அவர் முடிவெடுக்க இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னை அனுப்பினார்.

பேருந்து நிலையத்துக்கு நீதான் வழியனுப்ப வந்தாய், வறுத்த நெத்திலியை நான்கு உறையில் சுற்றிக்கொண்டு. அப்போதாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். "விடுடி. நீ எழுதுனது தப்பில்ல, நான் படிச்சதுதான் வேற" என்று சொல்லிவிட்டு, நெத்திலி வாசனைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார், கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போ என்றாய்.

தூக்கிப் போடச் சொன்ன நாற்றுகளை நீ போடவில்லை. நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்பைக் கழுவித் தேற்றினாய். புதிதாகவும் கொஞ்சம் விதைத்தாய். பூ விடும் பருவத்தில் எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாய். பெங்களூருக்கு போன் வந்தது. "செல்வி, செடிக்கு ஞாபகம் இருக்குதுடி" என்றாய். நாற்றிலேயே உப்பைக் குடித்திருந்த சாதாரணச் செடிகள் இந்த முறை சமாளித்து நின்றன. உப்பையே அறியாதவை வாடின. அந்தப் புரதம் இல்லாத செடிகளோ, முன்பே குடித்திருந்தும், முதல் முறை குடிப்பதுபோலத் துவண்டுவிட்டன. மரபணுவில் எழுதியிருப்பது மாறவில்லை. எந்த மடிப்பு திறந்திருக்க வேண்டும் என்பதைச் செடி மறக்காமல் வைத்திருக்க அந்தப் புரதம் தேவைப்படுகிறது போலும். போலும் என்றுதான் நீயும் சொன்னாய். இன்னொரு முறை, இன்னும் நிறையச் செடிகளில் செய்து பார்க்க வேண்டும் என்றாய். நான் திரும்பி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, ஆறு நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

அந்த இன்னொரு முறையை நான் செய்து முடித்தேன். அப்படியேதான் வந்தது. கட்டுரை தயாராகிறது. அதில் சார் ஓரிடத்தில் 'உதவியாளரின் கவனக்குறைவால் உப்புநீர் பெற்ற நாற்றுகள்' என்று எழுதியிருந்தார். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பொண்ண எவ்ளோ திட்டிட்டேன்" என்றார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். நடந்ததை நடந்தபடியே எழுது, அவள் பெயரை முதலில் போடு என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து உன் அம்மா வீடு திரும்பும் நேரம் பார்த்து அனுமந்தைக்குப் போனேன். புரதம், மடிப்பு எதையும் பேசவில்லை. தொட்டியில் நான் போட்ட சுழியையும், நீ அதைப் படித்ததையும், சார் முன்னால் நான் சும்மா நின்றதையும் சொன்னேன். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். பெங்களூர் கிடைக்காமல் போன அன்று, உன் கவனக்குறைவால் போனது என்று அவர்களும் உன்னைத் திட்டினார்களாம். நீ சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாயாம்.

அப்போது உன் அப்பா வந்து சைக்கிளை நிறுத்தினார். உப்பளத்தில் ஞாயிறு என்று ஒன்று கிடையாதே. கால்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அம்மா வாசலுக்குப் போனார்கள்.

"கேட்டீங்களா, நம்ம பொண்ணு தப்பு பண்ணலயாம்."

"யாரு சொன்னா?"

"இதோ, செல்விதான் சொல்லுது."

அவர் என் பக்கம் திரும்பினார். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். "சாப்டியாம்மா?" என்றார்.

எனக்குத் தட்டு வைத்தார்கள். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா இன்னொரு முறை, தனக்குத்தானே, தப்பு பண்ணல என்று சொல்லிக்கொண்டார்கள். நீ ஒரு தடவை கேட்டிருந்தால் சார்கிட்ட உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நீ கேட்காமலேயே சொல்லியிருக்க வேண்டும்டி, நீ இருக்கும்போதே. உன் வீட்டுச் சோறு இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.