புகை வந்தால் நல்லது

ஜூன் 10

இடது காது மந்தம் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காது டாக்டரிடம் போனேன். ஒரு பக்கம் மட்டும் மந்தமாவது சரியில்லையாம், தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். "சும்மா ஒரு சந்தேகத்துக்குத்தானுங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது ஒண்ணும் இருக்காது" என்றார். மீதி ஒன்று என்ன என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

கல்லூரியில் கூடப் பாடம் நடத்தும் மதுமதியிடம் மட்டும் சொன்னேன். "கவலப்படாதீங்கக்கா, எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஒண்ணுமில்லன்னாங்க" என்று ஆறுதலாக ஆரம்பித்தாள். பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்றேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

ஜூன் 12

சேலத்தில் ஸ்கேன். தாலியைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். என் தலைக்குள் கட்டி இருக்கலாம் என்று நான் சொன்னபோது வராத வியர்வை, அப்போது அவருக்கு வந்தது.

உள்ளே மஞ்சுளா என்ற பெண். முகத்துக்கு மேல் ஒரு கூண்டை மாட்டிவிட்டு, "கண்ண மூடிட்டு பீச்சுல படுத்திருக்கற மாதிரி நெனச்சுக்கங்க மேடம்" என்றாள். சுவரிலும் கடல் படம். ராசிபுரத்துக்காரிக்குக் கடல்! நான் கடலைப் பார்த்தது இரண்டு முறை. இரண்டு முறையும் செருப்பைத் தொலைத்தேன்.

சத்தம் தொடங்கியது. பிறகு நின்றது. அந்த அமைதிதான் தாங்கவில்லை. எதையோ பார்த்துவிட்டார்களா? ஏன் நிறுத்தினார்கள்? கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன். வெளியே இழுத்தார்கள். "எல்லாருக்கும் வர்றதுதான் மேடம்." எல்லாருமா முதுகலை மாணவர்களுக்கு இந்த ஸ்கேனின் காந்த ஒத்ததிர்வைப் பாடம் நடத்துகிறார்கள்?

ஜூன் 13

இன்று வகுப்பில் காந்தப்புலம். பாடத்திட்டத்துக்கும் கிண்டல் தெரிகிறது.

ஜூன் 15

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கூட்டம், திரும்ப வரச் சொன்னார்கள் என்று இவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நம்பவில்லை.

"சத்தம் எப்படி இருந்துச்சு அம்மணி?"

சொன்னேன். டக் டக் டக், பிறகு கடகடவென்று, பிறகு ஒன்றுமே இல்லை.

முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ரிக் வண்டி!" ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுவதுதான் இவர் தொழில். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பேச்சு அடிக்கணக்கில்தான். "சத்தம் நின்னா பயப்படாத. தொளைக்கற ராடு மாத்தறாங்கன்னு நெனச்சுக்க. மாத்தி முடிச்சா மறுக்காப் போடுவான்."

"கடைசியில என்னங்க வரும்?"

"என்ன, தண்ணி வரும். இல்லீன்னா புகை…"

நிறுத்திக்கொண்டார். தண்ணீர் இல்லாத குழியில் வெறும் பாறைத்தூள்தான் பறக்கும். அதைத்தான் புகை என்பார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தையே அழவைக்கிற சொல்.

"அங்க புகைதான் வரோணும்" என்றார், சுவரைப் பார்த்து. எத்தனை பேர் காடுதோட்டத்தில் தேங்காய் உடைத்துத் தண்ணீர் கேட்ட மனிதர். எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை?

ஜூன் 18

மறுபடி ஸ்கேன். கூட ஒருவர் உள்ளே இருக்கலாமாம். இவர் போன், மோதிரம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்தார். "இடுப்புல ஏதாச்சும் இருக்குங்களா?" என்று மஞ்சுளா கேட்க, வெள்ளி அரைஞாண்கொடியும் போயிற்று. ஒரு கையில் வேட்டி, மறு கையில் என் கால் கட்டைவிரல். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சத்தம் நின்றபோதெல்லாம் ராடு மாற்றினேன். முடிந்துவிட்டது.

"பீச்ச நெனச்சீங்களா மேடம்?"

"இல்லை. போர் போட்டேன்."

அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். இவர் விளக்க ஆரம்பித்தார். பாவம், அவளுக்கு வேறு வேலையே இருந்திருக்காது போல.

ஜூன் 19

காது நரம்பில் சின்னக் கட்டி. கடலைப் பருப்பு அளவு. புற்று இல்லை. வளராமலே இருந்துவிடலாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். வளர்ந்தால்? கடிகாரம்.

இவர் அறைக்குள் வராமல் கார் பக்கத்தில் நின்றிருந்தார். வார்த்தை யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

"ஈரம் தட்டியிருக்குதுங்க. ஊத்து இல்ல."

புரிந்துகொண்டார். கார் கதவை எனக்குத் திறந்துவிட்டார்.

செப்டம்பர் 3

இடது பக்கம் உட்கார்ந்து யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறேன். உறவினர்களிடையே நல்ல பெயர் வந்திருக்கிறது.

டிசம்பர் 21

ஆறு மாத ஸ்கேன். இப்போது காத்திருக்கும் கூடத்துச் சுவரிலும் கடல். அதற்குக் கீழே ஒரு பெரியவரிடம் மஞ்சுளா சொல்லிக்கொண்டிருந்தாள்: "போர் போடற சத்தந்தான் சாமி. நின்னா ராடு மாத்தறோம்னு நெனச்சுக்கங்க." அவர், "எத்தன அடி போவீங்க?" என்றார். நான் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கட்டி அப்படியே இருக்கிறது. இம்மி வளரவில்லை.

"புகைங்க" என்றேன் காரில் ஏறியதும். இவர் கார் கண்ணாடியைத் துடைத்தார், உள்பக்கம்.

ராசிபுரம் திரும்பும் வழியில் ஆட்டையாம்பட்டியிலிருந்து போன். நேற்று இரவெல்லாம் இவர் ரிக் வண்டி ஓடிய காட்டின் சொந்தக்காரர். இவர் ஸ்பீக்கரில் போட்டார். "ஏனுங்க, வெறும் புகைதானுங்க வந்துச்சு."

"புகைதானுங்களா?" என்றார் இவர். "அப்பாடா! ரொம்ப நல்லதுங்க."

அந்த ஆள் திட்டியது என் இடது காதுக்கே கேட்டது.