விட்டுவைத்த பன்னிரண்டு மைல்

ஆல்டர் ஃபோர்ட் தபாலாபீஸ் வாசல்
ஜூலை 3, 1996

அன்புள்ள நோரீன்,

நலம். நீ அனுப்பிய சாப்பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. ஓட்ஸ் போதும் தாயே! மலையில் நடப்பவர்கள் வேண்டாததைப் போட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ள இந்தத் தபாலாபீஸ் வாசலிலும் ஒரு பெட்டி இருக்கிறது. உன் ஓட்ஸில் பாதியை அதில் தள்ளிவிடலாம் என்று போனால், எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் ஓட்ஸைத்தான் போட்டிருக்கிறார்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது? தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லைவரை இந்த மலைத்தடம் முழுவதையும் நடப்பது என்று இருவருமாகக் கிளம்பி, மே மாதம் பாலைவனத்திலேயே உன்னைக் காரில் ஏற்றி அனுப்பினேன். பிறகு ஆபரேஷன் ஆயிற்று. அதைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதினாயா நீ? இங்கே தேநீர் போட நீ இல்லாமல் வெந்நீரைக் குடித்துக்கொண்டு நடக்கிறேன்.

அடுத்த பெட்டியைக் கேலிஸ் ஊருக்கு அனுப்பு. தடத்திலிருந்து அங்கே இறங்க இரண்டு வழி. டவ் ஏரிக்கு முன்பே பிரிகிறது ஓடை வழி. அந்தப் பிரிவிலிருந்து ஏரியைக் கடந்து பன்னிரண்டு மைல் போனால் கணவாய் வழி. எதில் இறங்கினாலும் அதிலேயே திரும்பி ஏறுவேன். தடத்தில் ஓரடிகூட விடமாட்டேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. எந்த வழி என்று நீயே சொல். நடுவில் மோர்ட்டன் மீன்பிடி முகாமில் கடிதம் வாங்கி வைப்பார்கள். தூண்டில் புழுவைத் தவிர அங்கே வேறெதுவும் விற்பதில்லை.

உன்
ட்வைலா

---

ஓரிகன்
ஜூலை 8

அன்புள்ள ட்வைலா,

கேட்டாய், சொல்கிறேன். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: “தாராளமா நடங்க. ஆனா முதுகுல மூட்டை தூக்குற வேலை இனி வேண்டாம்.” இனி என்றால் எப்போதுமே. என் பூட்ஸைப் பக்கத்து வீட்டு ஹேஸலிடம் கொடுத்துவிட்டேன். தோட்ட வேலைக்குப் போட்டுக்கொள்கிறாள்.

கணவாய் வழியிலேயே இறங்கு. அப்போதுதான் டவ் ஏரியைப் பார்ப்பாய். இருவரும் மெதுவாக நடந்து, ஆகஸ்டில் என் அறுபதாவது பிறந்தநாளன்று அந்தத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று எத்தனை பேச்சுப் பேசினோம்! ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ஏரிப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ பார்த்துவிட்டு வந்து சொல், போதும்.

கேலிஸுக்கு வருவதுதான் கடைசிப் பெட்டி. மற்றவர்கள் நடக்க நான் கட்டுச்சோறு கட்டி அலுத்துப்போனேன். இது பொறாமைதான், மறைக்கவில்லை.

நோரீன்

---

கேலிஸ்
ஜூலை 17

என் நோரீன்,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. ஓடை வழியில் இறங்கிவிட்டேன். நாளை கணவாய் வழியில் ஏறுகிறேன். ஆமாம், ஏரியும் அந்தப் பன்னிரண்டு மைலும் நடுவில் அப்படியே நிற்கின்றன. நான் பார்க்கவில்லை.

ஓடைப் பிரிவில் மேப்பிள் உட்கார்ந்திருந்தாள். பாலைவனத்தில் நம் பின்னாலேயே வந்த மூக்குக்கண்ணாடிக்காரி, நினைவிருக்கிறதா? விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். “நீங்களா தடத்தை விடுறீங்க? ஊருக்குப் போறப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏத்திட்டு, திரும்பி வர்றப்ப இந்தப் பக்கம் எறக்கிவிட்டுட்டாருன்னு அந்த டிரைவரோட மல்லுக்கு நின்னவங்களாச்சே!”

“ரோட்டைத் திரும்பக் கடந்துட்டு வந்துதான் நடந்தேன், அதையும் சொல்லு” என்றேன். நொண்டிக்கொண்டே நீயும் என்னோடு கடந்தாய். முழங்கால் அப்போதே வலித்திருக்கும். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பாடு தீர்ந்து இறங்கவில்லை. கணவாய் வரை தாங்கும் அளவுக்குப் பையில் ஓட்ஸ் இருந்தது. உன் முழங்காலுக்காக இந்த வழியைப் பார்த்துவைக்க வந்தேன். ஏற்றம் மெதுவானது. பாறைப் படி ஒன்றே ஒன்றுதான் உயரம், அங்கே நான் கை கொடுப்பேன். உட்கார நல்ல மரநிழல் இருக்கிறது. கணவாய் வழியையும் நாளை இதே கண்ணோடு பார்ப்பேன்.

இந்தப் பக்கமும் கேலிஸ், அந்தப் பக்கமும் கேலிஸ். ஓடையில் ஏறிக் கணவாயில் இறங்கினால் பெரிய சாப்பாட்டு மூட்டையே தேவையில்லை. உள்ளதை நான் சுமக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், நீ கையை வீசிக்கொண்டு வா. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், உன் அறுபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு.

வடக்கே கடைசி எல்லைக்கல் வரை போவேன். அங்கே யாராவது “முழுசா நடந்தீங்களா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். நீ வராவிட்டால் சாகும்வரை இதே பதில்தான். மிரட்டல் என்றே வைத்துக்கொள்.

உன்னை விட்டுவிட்டு அந்த ஏரியைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லையடி.

ட்வைலா

---

ஓரிகன்
ஜூலை 23

அடியே ட்வைலா,

உனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் ஹேஸல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறியே, வெக்கமா இல்ல?” என்றாள்.

“இல்ல” என்றேன்.

பூட்ஸ் முழுக்கத் தக்காளிப் பாத்திச் சேறு. கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், கையில் சின்னச் சாமான் தூக்கலாமாம்.

அடுத்த பெட்டி கிளம்பிவிட்டது. ஓட்ஸ் குறைவு, தேயிலை இருக்கிறது. நீயே போட்டுக் கஷ்டப்படு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மூட்டையெல்லாம் நீ தூக்கு. தேநீர்க் கெட்டிலை மட்டும் தொடாதே, அது நான் கொண்டுவருவேன்.

உன்
நோரீன்