தொட்டியில கூனிப்பொடி

யாழினி நைனா,

சோறும் நண்டுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். நானும் பொண்ணும் பொன்னேரிக்குப் போறோம். பஸ்ஸுக்கு நேரமாச்சுனு வாசல்ல கத்துறா.

தங்கமீன் தொட்டி இன்னும் பால் மாதிரி கலங்கிக் கெடக்கு. பக்கெட்டுல நேத்தே புடிச்சு வச்ச தண்ணி இருக்கு. கால்வாசி மாத்து, போதும். ஏரியில இறால் தடவுற மாதிரி அடியில கைவிட்டுத் துழாவாத. தீனியும் போடாத.

— அஞ்சலை

ஓரத்துல எழுதுறேன், பாரு: ஏரித்தண்ணி ஊத்திக் கெடுத்தது நீதான்னு காலையில கத்தினேன்ல? இப்பதான் கல்லை நகத்திப் பார்த்தேன். அடியில கூனிப்பொடி, அதான் அந்தச் சின்ன இறால் பொடி, அழுகிக் கெடக்கு. பசிக்குமேனு தெனம் கைநிறைய அள்ளிப் போட்டது நான். நான் சொன்னதை நம்பித்தான் பொண்ணு உன்கிட்ட பேசாம இருக்கா. பஸ்ல அவகிட்ட சொல்லிடறேன்.

காலையில நீ குடிக்காம போன டீ ஃப்ளாஸ்க்ல இருக்கு. குடிச்சிடுய்யா.