ஒரு மணி பத்து நிமிடத் தூரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை அம்மா கண்முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

"எழுநூறு கிலோமீட்டரா!" என்று மலைத்தீர்களே, விமானத்துக்கு அது ஒரு மணி பத்து நிமிடம்தான். தினமும் மதியம் நம் ஊரிலிருந்து வருகிற விமானத்தைச் சுத்தம் செய்வது நான்தான். எல்லோரும் இறங்கிய பிறகுதான் எங்களை ஏறவிடுவார்கள். ஒரு முகத்தையும் பார்க்க முடியாது; சீட்டில் சூடு மட்டும் இருக்கும்.

நேற்று ஜன்னலோரம் சற்று உட்கார்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். பணிப்பெண் தட்டி எழுப்பி, "அண்ணே, பெல்ட் போட்டுக்கிறீங்களா, இறங்குறீங்களா?" என்றாள். அது திரும்ப நம் ஊருக்குத்தான் கிளம்புகிறது. கொஞ்சம் விட்டிருந்தால் துடைப்பமும் கையுமாக உங்கள் முன் நின்றிருப்பேன். அதற்காகச் சூப்பர்வைசர் திட்டியதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டர் மாமா இதே விமானத்தில் வருகிறாராமே. பலகாரம் கொடுத்துவிடாதீர்கள், விமானத்தில் எது கிடைத்தாலும் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். படித்துவிட்டுப் போட்ட பேப்பர் மட்டும் குப்பைக் கணக்கு, அதை நான் எடுத்துக்கொள்ளலாம். அன்றைய பேப்பரை அவரிடம் கொடுத்து, சீட் பையிலேயே விட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

விமானம் இறங்கிவிட்டது, கூப்பிடுகிறார்கள். குறுக்கெழுத்தை முழுக்கப் போட்டுவிடாதீர்கள், அப்பா. பாதியை எனக்கு விட்டுவையுங்கள்.

உங்கள் மகன்