ஸ்டீயரிங் இடப்பக்கமே இருக்கட்டும்

நம் மகள் வள்ளியின் அப்பச்சிக்கு,

உங்கள் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எழுதவும் கை வரவில்லை, பாருங்கள். வள்ளி அப்பச்சி என்றால் காரைக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும். ஜீப்புக்காரச் செட்டியார் என்றால் மீதிப் பேருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் வருஷத் திதி போன மாதம் நல்லபடியாக முடிந்தது. தேவகோட்டையிலிருந்து உங்கள் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பின்கட்டுக் கொட்டகையில் நிற்கும் உங்கள் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

“ஆச்சி, அண்ணன் போனதிலேருந்து வண்டி சும்மா நிக்குது. எலி வயரைக் கடிச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்ச அரிசி மில்காரரு ஒருத்தரு கேக்குறாக. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாத்தி ஓட்டிக்கிறோம்ங்கிறாக. நீங்களே வச்சுக்கிறதுன்னாலும் மாத்தித்தான் ஆகணும். இடப்பக்கம் உக்காந்து இனிமே யாரு ஓட்டப் போறா?”

“ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.  அவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன் தொட்ட பொருள் துருப்பிடிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஸ்டீயரிங்கை வெட்டி மாற்றுவதற்குச் சரி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா, அல்லது தெரியாமலேதான் போனீர்களா?

அறுபத்து மூன்றாம் வருஷம், தீபாவளிச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனீர்கள். ஜவுளிக்கடைக்காரர் சரக்கு எடுக்கப் போவதில் யார் சந்தேகப்படுவார்கள்? நாலாம் நாள் வாசலில் லாரி நின்றது. லாரியின்மேல் ஒரு ஜீப், ஜீப்புக்குள் ஜவுளி மூட்டைகள். ராணுவத்தில் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விட்டார்களாம், நீங்கள் சும்மா வேடிக்கை பார்க்கப் போனீர்களாம். டயர் இல்லை, இருக்கை இல்லை. தரைத் தகடு அரித்துப்போய், அந்த ஓட்டை வழியாக ஒரு வேப்பங்கன்று முழ உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

“என்ன இது?” என்றேன்.

“ஜீப்பு.”

“ஓடுமா?”

“ஓடும்.”

“எப்ப?”

“அது எனக்கும் அதுக்கும் உள்ள பேச்சு. நீ காப்பி போடு” என்றீர்கள்.

நம் வீடு பெரிய வீடுதான். ஆனால் பெரிய வீடு எல்லோருக்கும் பொது. நடுவில் திறந்த முற்றத்தோடு இருக்கும் வளவு அத்தனை பங்காளிகளுக்கும் சொந்தம். அதைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. நமக்கென்று பூட்டிக்கொள்ள அந்த ஓர் அறைதான். ஜீப்பின் உடம்பைப் பின்கட்டில் போட்டுக்கொள்ள, வீட்டில் மூத்தவரான பெரியப்பச்சி ஒப்புக்கொண்டார். “வளவுல மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் சிந்துச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். பின்கட்டுக் கொட்டகையோ மழைக்கு ஒழுகும். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த என்ஜினை எங்கே வைப்பது?

நம் அறையில் வைத்தீர்கள். என் கல்யாணச் சீராக வந்த வெண்கலமும் பித்தளையும் அடுக்கியிருந்த அறையில். ஒரு பக்கம் என் குத்துவிளக்கு, பக்கத்தில் உங்கள் பிஸ்டன். என் பெரிய அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, பல்சக்கரங்களை ஊறப்போட்டுக் கழுவினீர்கள். நான் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அதனால் எட்டாம் நாள் நானே பேசிவிட்டேன்.

எதையும் சோதிக்காமல் நம்பாத மனுஷர் நீங்கள். லேத் பட்டறையில் அளந்து கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அளப்பீர்கள். இறுக்கிய திருகை மறுநாள் விரலால் தொட்டுப் பார்ப்பீர்கள். குழம்பில் உப்பு இருக்கிறது என்று நான் சொன்னாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால்தான் இலையில் கை வைப்பீர்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பகலெல்லாம் கடையில் புடவை விரித்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வீர்கள். வள்ளி நடக்கப் பழகியதே உங்கள் காலைப் பிடித்துக்கொண்டுதான். உடம்பின் மற்றப் பகுதி எப்போதும் வண்டிக்கு அடியிலேயே இருந்தது.

அந்தத் துருப்பிடித்த கூட்டை நீங்கள் மறுபடி ஒரு வண்டியாக ஆக்கிய அழகை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும் என்று. பழைய பெயின்டைச் சுரண்டிச் சுரண்டி, கடைசி அடுக்கில் இருந்த பச்சையைக் கண்டுபிடித்து, அதே பச்சையைக் கலக்கப் பத்து நாள் குச்சியில் தடவித் தடவி வெயிலில் காயவைத்துப் பார்த்தீர்கள். புடவைக்குச் சாயம் பார்த்த கண் அல்லவா! முதல்முறை என்ஜின் பிடித்துக்கொண்டபோது பின்கட்டிலிருந்த புறாவெல்லாம் பறந்தது. பெரியப்பச்சிகூட வளவைத் தாண்டி வந்து நின்று பார்த்தார். எனக்குக் கண் கலங்கியதைப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்போதே எல்லோரும் சொன்னார்கள், ஸ்டீயரிங்கை மாற்றிவிடுங்கள் என்று. உலகச் சண்டைக்காக அமெரிக்காவில் செய்த வண்டி அது. அவர்கள் சாலையில் வலப்பக்கம் போகிறவர்கள், அதனால் ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்கார்கிறார். நம் ஊரில் அதை ஓட்டினால் முன்னால் போகிற வண்டியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. நீங்கள் கேட்கவேயில்லை.

“பொறந்ததே அப்படி. இடக்கைப் பழக்கமுள்ள புள்ளையைக் கையை வெட்டியா மாத்துவாக?”

அப்படியானால் எதிரே வருவதை யார் பார்ப்பது? “நீ பாரு” என்றீர்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வலப்பக்க இருக்கை எனக்கு.

முதல் பயணமாகக் கானாடுகாத்தானுக்கு, என் பிறந்த வீட்டுக்குப் போனோம். வலப்பக்கம் நான் உட்கார்ந்து போவதைப் பார்த்து வழியெல்லாம் ஜனங்கள் நின்றுவிட்டார்கள். செட்டியார் பெண்டாட்டி ஜீப்பு ஓட்டுகிறாள், அதுவும் கையை மடியில் வைத்துக்கொண்டு! என்னைப் பெற்ற ஆத்தா வாசலுக்கு வந்து, “ஏண்டி, ஓட்டுற சக்கரத்தை எங்குட்டுப் போட்டுட்டு வந்தே?” என்று கேட்டதை நீங்கள் சாகும்வரை சொல்லிச் சிரித்தீர்கள்.

ஆனால் அந்த வழியில் நடந்த இன்னொன்றை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. முன்னால் ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு போனது. “வருதா?” என்று கேட்டீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். “வரலை. போகலாம்.” சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டியை வலப்பக்கம் ஒடித்துவிட்டீர்கள். தாண்டிய பிறகு திரும்பி அந்த பஸ்ஸைப் பார்த்தேன்.

“ஒரு தடவை நீங்களும் பாத்துட்டுப் போகக் கூடாதா?” என்றேன்.

“நீதான் பாத்துட்டியே.”

திருகை நம்பாதவர், உப்பை நம்பாதவர், என் ஒரு சொல்லை நம்பி எதிர்ச்சாலையில் வண்டியை விட்டார். வீட்டில் பங்காளிகள் கூடிப் பேசும்போது பெண்கள் பேச்சு வளவுத் தூணைத் தாண்டாது. ஜீப்பில் ஏறிவிட்டால் என் பேச்சில்தான் வண்டி போகும், என் பேச்சில்தான் நிற்கும். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட நீங்கள் என் பக்கம் சாய்ந்து சரிபார்க்கவில்லை. அந்தப் பெருமையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைத்தான் ஊர் தலைக்கனம் என்றது. சொல்லிக்கொள்ளட்டும்.

பிறகு இன்னொரு ஜீப் வாங்கினீர்கள். அதையும் ஒரு வருஷம் இழைத்துத் தம்பிக்குக் கொடுத்தீர்கள். அவர் மறுமாதமே ஸ்டீயரிங்கை மாற்றிவிட்டார்.  அதன்பிறகு அந்த ஜீப்பில் நீங்கள் ஒரு நாளும் ஏறவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பீர்கள். நம் ஜீப்பில் ஏறும்போது வராத முழங்கால் வலி!

கோடையில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கி எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். “இங்க மோதுறதுக்கு ஒண்ணுமில்ல, தைரியமா ஓட்டு” என்றீர்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை விட்டுவிட்டு நம்மைப் பார்த்தார்கள். கண்மாயில் ஓட்டினேனே தவிர, சாலையில் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. சாலையில் என் இடம் வலப்பக்கம்தான் என்று இருந்துவிட்டேன்.

இப்போது இந்த வாரச் செய்திக்கு வருகிறேன். வள்ளி கல்லூரிக்குப் போகிறாள், தெரியுமல்லவா, பதினெட்டு வயது. எலி கடித்த வயரையெல்லாம் அவள்தான் மாற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றி அதே அண்டாவில் கழுவினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அண்டாவுக்கு அது பழகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் காளையார்கோவிலுக்குப் புறப்பட்டோம். நான் இடப்பக்கம், வள்ளி வலப்பக்கம். வருஷம் திரும்பிய பிறகு நான் வெளியே போவதை யாரும் தடுக்க முடியாது. தடுத்துப் பேசினாலும் ஜீப்புச் சத்தத்தில் காதில் விழாது.

இந்தப் பயணத்தில் என்னால் முடியவில்லை என்றால், தம்பி சொன்னபடி மாற்றிவிடச் சொல்வது என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

ஊரைத் தாண்டியதும் ஒரு வைக்கோல் லாரி. சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. எனக்கு முன்னால் வைக்கோலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வள்ளி எட்டிப் பார்த்தாள்.

“வரலை ஆத்தா. போகலாம்.”

என் கால் நகரவில்லை. அவள் மறுபடி சொன்னாள். நான் அவள் பக்கம் சாய்ந்து பார்த்தேன். அதற்குள் எதிரே ஏதோ வந்துவிட்டது. மறுபடி சொன்னாள், மறுபடி சாய்ந்தேன். கடைசியில் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். காளையார்கோவில்வரை வைக்கோல் தலையில் விழ அந்த லாரியின் பின்னாலேயே போனோம்.

கோவிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தபோது, என் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தபடி கேட்டாள்.

“நான் சொன்னது தப்பா ஆத்தா?”

“இல்லடி.”

“அப்பறம் ஏன் நம்ப மாட்டேங்குறீக? அப்பச்சி உங்களை நம்புனாகளே.”

எழுந்து ஜீப்பை நோக்கி நடந்தேன். அவளை நம்பவில்லை என்பது இல்லை. பெற்ற பிள்ளை, கண்ணும் கூர்மை. ஆனால் அவளும்தான் அந்த வண்டியில் இருக்கிறாள். அவள் சொல்லை நம்பி அவளையே எதிர்ச்சாலையில் கொண்டுபோய் விட வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்து சொன்ன வருஷமெல்லாம் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கேட்டு நடப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று இடப்பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் பயமாகத்தான் இருந்ததா? இருந்தும் என் முகத்துக்காக மறைத்தீர்களா? ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே.

திரும்பி வரும்போது கல்லல் ஊரைத் தாண்டி ஒரு பஸ் முன்னால் வந்து சேர்ந்தது. வள்ளி எட்டிப் பார்க்கவில்லை. நானே கேட்டேன்.

“வருதா?”

அவள் சாலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். “சொன்னாப் போவீகளா?”

“போவேன்.”

எட்டிப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள், உங்கள் மகள் அல்லவா.

“வரலை. போகலாம்.”

ஒடித்தேன். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு மட்டும் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கையில் இருந்ததெல்லாம் அவள் சொன்ன சொல்தான். பிறகு சாலை திறந்துகொண்டது, காலியாக, வெயிலோடு. கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாய்விட்டு அழுதேன். பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் தலையை நீட்டி, “என்னம்மா, என்ன ஆச்சு?” என்றார். “ஒண்ணுமில்லண்ணே, ஆத்தா பஸ்ஸைத் தாண்டிட்டாக!” என்று வள்ளி கத்தினாள்.

வெள்ளிக்கிழமை உங்கள் தம்பி மில்காரரோடு வருகிறார். காப்பி கொடுத்து, கொட்டகையை ஒரு முறை காட்டி, வண்டி கொடுப்பதற்கில்லை, மாற்றுவதற்குமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வளவில் நின்று, தூணைத் தாண்டி வந்து, சத்தமாகவே சொல்வேன்.

உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். வள்ளி “வருது” என்றால் நிற்பேன். “போகலாம்” என்றால் போவேன். அவள் பக்கம் சாய்ந்து பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் சாய்ந்து பார்க்காத உங்கள் வீட்டுக்காரி,
வள்ளி ஆத்தா